‘ப்ளீஸ்’ போட்டால் பணிவு வந்துவிடுமா?

“தமிழில் ‘ப்ளீஸ்’ என்பதற்குச் சரியான சொல்லே கிடையாது. அதனால்தான் நமக்குப் பணிவாகக் கேட்கத் தெரியவில்லை.” ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளிலும், நிறுவனங்களின் பயிற்சி அறைகளிலும், பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிட்ட வீடுகளின் கூடங்களிலும் இந்தக் கருத்து யாரும் கேள்வி கேட்காமல் உலவுகிறது. கேட்கும்போது ஏதோ பண்பாட்டுச் சுயவிமர்சனம் போலவும் ஒலிப்பதால் மறுக்கவும் யாருக்கும் மனம் வருவதில்லை. மறுத்தாக வேண்டும். பணிவைப் பற்றி மட்டுமல்லாமல், ஆங்கிலத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் அது தவறாகச் சொல்கிறது.

அதன் வலுவான வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் கேட்பதற்கு ஓர் ஏணி இருக்கிறது என்கிறார்கள். அடிப்படியில் ‘கிவ் மீ’. அதற்கு மேலே ‘கேன் யூ’, பிறகு ‘குட் யூ’, பிறகு ‘வுட் யூ மைண்ட்’. உச்சியில் ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் பாசிப்ளி’. நண்பரிடம் கீழ்ப்படி போதும், அதிகாரியிடம் மேல்படி வேண்டும், எந்தப் படியில் நின்றாலும் ‘ப்ளீஸ்’ சேர்த்துக்கொள்வது உத்தமம். தமிழரோ ‘குடுங்க’ என்று ஏவல் வினையிலேயே கேட்டுப் பழகியவர். அந்தப் பழக்கத்தில் லண்டன் கடையில் நின்று ‘கிவ் மீ ஒன் காபி’ என்கிறார், கடைக்காரருக்கு அது அதட்டலாக விழுகிறது. இதில் உண்மை இருக்கிறது. மொழியியலாளர் ஜெனி தாமஸ் 1983இல் எழுதிய கட்டுரையில் இந்த ஆபத்தைத் தெளிவாகச் சுட்டினார். இலக்கணப் பிழை செய்தால் ‘மொழி வரவில்லை’ என்று விட்டுவிடுவார்கள், கேட்கும் விதத்தில் பிழை செய்தால் ‘ஆளே இப்படித்தான்’ என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்பது அவர் வாதம். ஆக, ஏணியை மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியரின் அக்கறை பொய்யில்லை. அந்த அக்கறையிலிருந்து அவர் எட்டும் முடிவுகளில்தான் கோளாறு. என் மறுப்புகள் நான்கு.

ஆங்கிலம் பேசுகிறவர்கள் உண்மையில் எத்தனை தடவை ‘ப்ளீஸ்’ சொல்கிறார்கள்? முதல் மறுப்பு இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆங்கிலம் பேசுவோரின் அன்றாட வாழ்க்கையைப் படம்பிடித்த காட்சிகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ‘ப்ளீஸ்’ இருந்தவை 7 சதவீதம். மீதி 93 சதவீதமும் மரியாதை கெட்டவர்கள் பேசியது என்று யாரும் சொல்லப்போவதில்லை. அந்த 7 சதவீதம் எங்கே வந்தது என்பது இன்னும் சுவையானது. கேட்கப்படுபவர் ஏற்கெனவே முகம் சுளித்திருந்தார், அல்லது வேறு வேலையில் மூழ்கியிருந்தார். பெரும்பாலும் அங்கேதான் ‘ப்ளீஸ்’ தலைகாட்டியது. பணிவுக்குத் தெளிக்கும் பன்னீராக இதை நாம் கற்பனை செய்து வைத்திருக்கிறோம். நடைமுறையிலோ, எதிரே தடை இருப்பது தெரிந்து கதவைத் தோளால் தள்ளுகிற வேலையைத்தான் அது அதிகம் செய்கிறது. மூன்றாவது தடவையாகக் கைப்பேசி கேட்கும் பிள்ளையின் நீட்டி இழுத்த ‘ப்ளீ...ஸ்’ஸைக் கேட்ட எந்தப் பெற்றோருக்கும் இது புரியும். கடலைத் தாண்டினால் சொல்லின் எடையும் மாறுகிறது. மொழியியலாளர்கள் லின் மர்ஃபியும் ரகேலே டி ஃபெலிச்சேயும் அலுவலக மின்னஞ்சல்களை ஒப்பிட்டபோது, பிரிட்டன்காரர்கள் அமெரிக்கர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு ‘ப்ளீஸ்’ எழுதுவது தெரிந்தது. அமெரிக்கக் காதில் அந்தச் சொல் சில இடங்களில் அவசரமாகவும், மேலிருந்து கீழே பேசுவதாகவும்கூட விழும். ஆங்கிலத்தின் இரண்டு பெரிய வீடுகளுக்கே ஒத்துப்போகாத ஒன்றை ‘மந்திரச் சொல்’ என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்.

ஏணியில் ஏற ஏறப் பணிவு கூடும் என்று யார் சொன்னது? இரண்டாவது மறுப்பு இது. மொழியியலாளர் ஷோஷனா ப்ளும்-குல்கா 1987இல், ஹீப்ரு பேசுவோரையும் ஆங்கிலம் பேசுவோரையும் கோரிக்கைகளுக்குத் தரம் போடச் சொன்னார். மிகச் சுற்றிவளைத்துக் குறிப்பாகக் கேட்டவை முதலிடம் பிடிக்கவில்லை. நடுவில் நிற்கிற, பழகிப்போன ‘குட் யூ’ வகையே பிடித்தது. காரணம் எளிது. குறிப்பாகக் கேட்பவர், தான் என்ன கேட்கிறேன் என்பதைக் கண்டுபிடிக்கும் வேலையையும் எதிராளி தலையில் கட்டுகிறார். கேட்ட உதவியோடு ஒரு விடுகதையும் சேர்ந்து வருகிறது. மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் 1983இலேயே வேறொரு கோணத்தில் ஏணியை ஆட்டிப் பார்த்தார். செயலால் யாருக்கு நன்மை, யாருக்குச் செலவு என்று பார்க்காமல் வாக்கிய வடிவத்தை மட்டும் வைத்துப் பணிவை அளக்க முடியாது என்றார். பந்தியில் ‘இன்னும் ரெண்டு இட்லி வெச்சுக்குங்க’ என்பது அப்பட்டமான ஏவல், ஆனாலும் அதுதான் உபசாரம். ‘இன்னும் இரண்டு இட்லி உண்பதில் தங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்று கேட்டுப் பாருங்கள், விருந்தாளிக்கு இட்லி மீதே சந்தேகம் வந்துவிடும். ஆங்கிலத்திலும் அப்படியே. வந்தவரை உட்காரச் சொல்ல ‘ஹேவ் எ சீட்’ போதும். அதற்கு ‘வுட் யூ மைண்ட்’ போட்டால் நாற்காலியில் ஏதோ கோளாறு என்று பொருள். அதே ‘வுட் யூ மைண்ட்’ இரவுச் சாப்பாட்டு மேசையில் கணவன் மனைவிக்கு நடுவே உப்பு டப்பாவுக்காக எழுந்தால், சண்டை தொடங்கிவிட்டது என்று பக்கத்து அறைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஏணியின் உச்சிப்படி பணிவுக்கும் பயன்படும், குத்தலுக்கும் பயன்படும். எது என்பதை அந்த வாக்கியம் சொல்லாது. பேசுகிறவர்களுக்கு இடையே என்ன தூரம், யார் கை ஓங்கியிருக்கிறது, கேட்கிற காரியம் எவ்வளவு பெரிது என்பவைதான் சொல்லும்.

மூன்றாவது மறுப்பு, தமிழில் பணிவு இல்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி. தூரம், அதிகாரம், காரியத்தின் சுமை என்று மேலே சொன்ன மூன்று அளவுகோல்களையும் உலகுக்குத் தந்தவர்கள் மொழியியலாளர்கள் பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும். 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் தனி நூலாகவும் வந்த அவர்கள் ஆய்வுதான் இன்றுவரை பணிவைப் பற்றிய எந்த விவாதத்துக்கும் தொடக்கப்புள்ளி. அதை ஏற்பவர்களும் எதிர்ப்பவர்களும் அங்கிருந்தே கிளம்புகிறார்கள். அதற்கு அவர்கள் சான்று திரட்டிய மொழிகள் முக்கியமாக மூன்று. ஒன்று ஆங்கிலம். இன்னொன்று மெக்சிகோவின் சியாபாஸ் பகுதியில் பேசப்படும் செல்டால். மூன்றாவது, கோவை மாவட்டத்துக் கிராமமொன்றின் தமிழ். பணிவின் இலக்கணத்துக்குச் சான்று தந்தது கொங்குத் தமிழ். அந்த வட்டாரத்துப் பேரன் கோவை காந்திபுரத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் கட்டணம் கட்டி உட்கார்ந்து, தன் மொழியில் பணிவே இல்லை என்று குறிப்பெடுத்துக்கொள்கிறான்.

மூன்றாவது மறுப்பை இன்னும் கொஞ்சம் நீட்டித்தான் ஆக வேண்டும். கேட்பதைக் குறித்துத் தொல்காப்பியம் எச்சவியலில் ஒரு நுட்பம் வைத்திருக்கிறது. ‘ஈ’ என்பது தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்கும் சொல், ‘தா’ ஒத்தவர் கேட்பது, ‘கொடு’ உயர்ந்தவர் கேட்பது என்று பிரிக்கிறது. அந்த உயர்வு தாழ்வுச் சமூகத்தை யாரும் மீட்டுக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் கேட்கும் சொல் உறவைப் பொறுத்தது என்ற புரிதல் தமிழுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் கிடைக்கவில்லை என்பதையாவது ஒப்புக்கொள்ளலாம். இன்றைய பேச்சுத் தமிழுக்கு வருவோம். கோவையில் கூட்டம் பிதுங்கும் டவுன் பஸ்ஸில் பின்படியில் தொற்றி நிற்பவர் ‘அண்ணே, கொஞ்சம் ஒரு உக்கடம் வாங்கிக் குடுங்க’ என்று பத்து ரூபாயை நீட்டுகிறார். முன்பின் தெரியாத ஐந்தாறு கைகள் அந்த நோட்டைக் கண்டக்டர் வரை கொண்டுபோய், டிக்கெட்டும் சில்லறையும் பிசகாமல் திரும்பி வருகின்றன. அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். ‘அண்ணே’ தூரத்தைக் குறைக்கிறது, ‘கொஞ்சம்’ காரியத்தின் சுமையைச் சுருக்குகிறது, ‘-ங்க’ மரியாதையை வினையிலேயே கட்டிவிடுகிறது. ‘ப்ளீஸ்’ போட அங்கே இடமும் இல்லை, தேவையும் இல்லை. இது போதாதென்றால் ‘-லாமா’ இருக்கிறது, ‘முடிஞ்சா’ இருக்கிறது, ‘குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்’ இருக்கிறது. பிறகு ‘தயவுசெய்து’ எங்கே போனது? அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. வீட்டில் அது வாயிலிருந்து வந்தால் பெரும்பாலும் ‘தயவுசெஞ்சு கொஞ்சம் வாய மூடு’ என்றுதான் வரும். கலிபோர்னியா ஆய்வில் ‘ப்ளீஸ்’ எங்கே வந்ததோ, ஏறத்தாழ அதே இடம்.

ஆங்கிலமாவது பிறவியிலேயே இந்தப் பணிவோடு வந்ததா என்றால் அதுவும் இல்லை. மொழியியலாளர்கள் ஜொனாதன் கல்பெப்பரும் ஜேன் டெமெனும் 2011இல் பழைய ஆங்கில நூல்களைத் துழாவி எழுதிய கட்டுரையில், ‘கேன் யூ’, ‘குட் யூ’ என்று திறமையை விசாரிப்பதுபோல் கேட்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றத் தொடங்கியது என்று காட்டினார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து மனிதர்கள் பெரும்பாலும் ஏவல் வினையில்தான் கேட்டார்கள். கூடவே ‘உன்னை இறைஞ்சுகிறேன்’ என்ற பொருளில் ‘ஐ ப்ரே யூ’, ‘ப்ரிதீ’ என்று ஒட்டிக்கொண்டார்கள். நம் ‘குடுங்க’வுக்கு அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுப் பழக்கத்தை ஒரு மொழியின் சுபாவம் என்று சொல்லி, இன்னொரு மொழியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம்.

இனிமேல்தான் விஷயம் கனக்கிறது. நான்காவது மறுப்பு, ஏணி எதை மறைக்கிறது என்பது பற்றி. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேலாளர் வந்து ‘குட் யூ ப்ளீஸ் ஸ்டே டில் நைன்?’ என்கிறார். வகுப்பு போட்ட கணக்குப்படி இது நல்ல மதிப்பெண் வாங்கும் வாக்கியம். கேட்கப்பட்டவருக்கோ அது கட்டளை. ‘முடியாது’ என்பதற்கு விலை உண்டென்று இருவருக்கும் தெரியும். வடிவத்தில் கேள்வியாக வந்ததால், இருந்துவிட்டவர் ‘நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்’ என்ற பேச்சையும் பின்னால் கேட்க நேரும். ‘இன்னைக்கு ஒம்பது வரைக்கும் இருக்க வேண்டியிருக்கு, நாளைக்கு லேட்டா வாங்க’ என்பது ஏவல்தான், ஆனால் அது செலவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஏவல். எது மரியாதை? கேட்பவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்ப்பதைவிட, கேட்கப்பட்டவரால் மறுக்க முடியுமா, மறுக்க முடியாதென்றால் அவருக்கு என்ன ஈடு என்று பார்ப்பது உபயோகமான சோதனை.

மேலிருந்து கீழே வருகிற ஏணி கட்டளையை ஒளிக்கிறது என்றால், கீழிருந்து மேலே போகிற ஏணி தேவையையே விழுங்கிவிடுகிறது. ஒருநாள் காய்ச்சலுக்கு நம் பள்ளிப் பிள்ளை எழுதும் விடுப்புக் கடிதத்தைப் பாருங்கள். ‘ரெஸ்பெக்டட் சார்’, ‘ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யூ’, ‘கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்’, கடைசியில் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’. காய்ச்சலைவிடக் கும்பிடு அதிகம். காலனி அலுவலகங்களில் அதிகாரிகளே ‘தங்கள் மிகவும் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்று கையெழுத்திட்ட காலத்தின் எச்சம் இது. அவர்கள் கழற்றி எறிந்த கோட்டை நாம் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம், மே மாத வெயிலில். அந்தப் பிள்ளை வேலைக்குப் போனதும் ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்று மின்னஞ்சல் எழுதுகிறது. என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றும் அதில் இருக்காது.

இது வெறும் எழுத்து நடைக் குறை என்று நினைப்பவர்கள் 1990 ஜனவரி 25ஐ நினைத்துப் பார்க்கலாம். கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52 விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் கரைந்துகொண்டிருந்தது. விமானிகள் முன்னுரிமை கேட்டார்கள், எரிபொருள் தீர்ந்துவருவதையும் சொன்னார்கள். ஆனால் அவசரநிலை என்று அறிவிக்கும் சொல்லைக் கட்டுப்பாட்டு அறையிடம் சொல்லவே இல்லை. எரிபொருளுக்கு இந்தச் சுற்று சரிப்படுமா என்ற கேள்விக்குக்கூட, ‘அப்படித்தான் நினைக்கிறேன், மிக்க நன்றி’ என்ற பொருளில் பதில் போனது. விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். விபத்துக்குக் காரணங்கள் பல. எரிபொருளை நிர்வகித்த விதமும், விமானப் போக்குவரத்து நெரிசலைக் கையாண்ட விதமும் அமெரிக்க விசாரணை அறிக்கையில் இருக்கின்றன. அவசரநிலையைத் தெரிவிக்கத் தவறியதும் அதே அறிக்கையில் இருக்கிறது. ஆங்கிலத்தைப் பிற்பாடு கற்றவர்கள், அதிகாரம் மிகுந்த குரலிடம், மிருதுவாகக் கேட்டார்கள். ஏறத்தாழ இதைத்தான் நம் வகுப்புகள் பயிற்றுவிக்கின்றன.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு வலுவான எதிர்வாதம் மிச்சமிருக்கிறது, அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. “நீ, நீங்கள் என்று ஆளைப் பிரிக்கும் தமிழைவிட, எல்லாரையும் ‘யூ’ என்று அழைக்கும் ஆங்கிலம் மேல்” என்பதே அந்த வாதம். தலித் சிந்தனையாளர் சந்திரபான் பிரசாத் ஆங்கிலத்தை விடுதலைத் தெய்வமாகவே முன்வைத்து, உத்தரப் பிரதேசத்தின் பங்கா கிராமத்தில் 2010இல் ஆங்கில அன்னைக்குக் கோயில் எழுப்பும் முயற்சியில் இறங்கினார். எழுபது வயதுப் பெரியவரை ஆதிக்கச் சாதிச் சிறுவன் ‘டேய், இங்க வாடா’ என்று கூப்பிட்ட ஊர்களின் பிள்ளைக்கு ‘யூ’ தருகிற நிம்மதியை யாரும் எள்ளக் கூடாது. ஆனால் அந்த நிம்மதியைத் தந்தது எது? முன்னிலைச் சொல். ‘ப்ளீஸ்’க்கோ ‘குட்’க்கோ அதில் பங்கில்லை. அந்த முன்னிலைச் சொல்லின் வரலாறும் கவனிக்க வேண்டியது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ‘நீ’ இருந்தது, ‘தௌ’ என்று. ‘யூ’ என்பது அன்றைய ‘நீங்கள்’. மேலானவர்களையும் ‘தௌ’ என்றே அழைப்போம், மனிதர் எல்லாரும் சமம் என்று பிடிவாதம் பிடித்த குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் 17ஆம் நூற்றாண்டில் அதற்காக அடிகூட வாங்கினார்கள். கடைசியில் மொழி அவர்கள் கேட்ட வழியில் போகவில்லை. ‘தௌ’ பொதுவழக்கிலிருந்து உதிர்ந்தது, எல்லாரும் ‘நீங்கள்’ ஆனார்கள். தமிழும் அந்த வழியில் போவதை எந்த இலக்கணமும் தடுக்கவில்லை. தடுப்பது என்ன என்று தெரிய, விருந்தினரிடம் ‘குட் யூ ப்ளீஸ்’ என்று பேசும் வீட்டில், பாத்திரம் துலக்க வருகிற அறுபது வயது அம்மாவை அந்த வீட்டுப் பேத்தி எப்படிக் கூப்பிடுகிறாள் என்று கவனித்தால் போதும். ‘ப்ளீஸ், சீக்கிரம் முடிச்சிடு’ என்கிறாள். மந்திரச் சொல் வாக்கியத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. வினையின் கடைசியில் ‘-ங்க’ இல்லை.

“சரி, தொடக்க நிலை மாணவருக்கு ஏதாவது ஒரு விதி வேண்டுமே, ஏணியாவது இருக்கட்டுமே” என்பார்கள். இருக்கட்டும். ‘கேன் ஐ ஹேவ்’, ‘குட் யூ’ இரண்டும் கைவந்தால் லண்டன் கடையும் சென்னை அலுவலகமும் தாராளமாகச் சமாளிக்கப்படும். அதற்கு மேற்பட்ட படிகளுக்கு ஆகும் நேரத்தை, கேட்பதற்கு முன்னும் பின்னும் வருகிறவற்றுக்குக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறேன், எவ்வளவு நேரம் ஆகும், முடியாவிட்டால் வேறென்ன வழி என்று சொல்வது அது. ‘வுட் யூ மைண்ட்’ பாடத்தையே பாருங்கள். அதற்குச் சம்மதம் சொல்ல ‘நோ’ என்று சொல்ல வேண்டும். மாணவர் ‘யெஸ்’ என்று உளறுவார், வகுப்பு சிரிக்கும், ஆசிரியர் திருத்துவார், அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவார்கள். அந்த மாணவருக்கு உண்மையிலேயே ஆட்சேபம் இருந்தால், அதை முகம் முறியாமல் எப்படிச் சொல்வது? பணிவாகக் கேட்க ஐந்து படி வைத்திருக்கும் அந்தப் பாடத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது.